பேரரசனின் மூன்றாம் மனைவியும் என் கத்தரிக்காய்க் குழம்பும்

வெஸ்ட்கேட் கடை வளாகத்தில் கார் நிறுத்த இடம் தேடி மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து இருக்கையிலிருந்த பிள்ளை சொன்னாள். பள்ளியில் பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாற்றுப் பாடத்துக்குப் பெரிய கட்டுரை ஒன்று எழுத வேண்டுமாம். அந்தக் காலத்து ஆள் ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ரோமின் முதல் பேரரசனுடைய மனைவியை எடுத்துக்கொண்டாளாம்.

"அது யாரு?" என்றேன்.

"அவனோட மகளுக்கு ஸ்டெப்மதர். குடும்பத்துல ஒவ்வொருத்தரா விஷம் வச்சுக் கொன்னவ" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் கண் வைத்திருந்த இடத்தில் இன்னொரு கார் புகுந்துவிட்டது. எத்தனை ரோமானியர்கள் இருந்திருப்பார்கள்! சாலை போட்டவன், பாலம் கட்டியவன், சாக்கடை வெட்டியவன். அத்தனை பேரையும் விட்டுவிட்டு இவளுக்குக் கிடைத்தது ஒரு மாற்றாந்தாய்.

எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் அவளுடைய அப்பாவின் இரண்டாம் மனைவி. அவளைப் பெற்ற அம்மா அவளுக்கு ஏழு வயதானபோது நோயில் இறந்துபோனார். அவளுக்கு ஒன்பது வயதானபோது நான் திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போது அவளுக்குப் பதினேழு. என்னை அன்ரி என்று கூப்பிடுவாள், எங்கள் ஊர் ஆன்ட்டிதான் அது. அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம், அதை இங்கே என் திருச்சித் தமிழில் எழுதுகிறேன். எப்போதாவது தமிழ் பேசினால் அது அப்பாவின் தமிழாக இருக்கும். பெயர் யாருக்கும் போடப்போவதில்லை. பெயர் போடாமலேயே நாங்கள் இருக்கிற ரானுயிப் பகுதியில் என்னைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு.

என் புகழ் அப்படிப்பட்டது. பிள்ளை பதின்மூன்று வயதில் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஆறு மாதம் அடம்பிடித்து மெலிந்துபோனாள். சித்தி சோறு போடுவதில்லை என்று கோயிலில் பேசினார்கள். தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். வெட்டியதும் நான்தான் என்று ஆயிற்று. கூடத்தில் மாட்டியிருந்த அவள் அம்மாவின் படம் இந்த ஊர் வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்ததால், எடுத்துச் சாமி அறையில் மாட்டினேன். படத்தைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டாள் என்றார்கள். வெளுக்கட்டும் என்று விட்டிருந்தால், வெளுக்க விட்டுவிட்டாள் என்று சொல்லியிருப்பார்கள். வெஸ்ட்கேட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். அதையும் விடவில்லை. மருந்து வைத்துத்தான் அந்த மனிதரை மயக்கினாள் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே என் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டை உடைத்தேன்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுவிடலாம். அந்த வருஷம் வேறொரு விஷயம் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவரின் மூத்த சகோதரி ஆக்லாந்தின் இன்னொரு பகுதியான பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுவேன், பிள்ளை மாமி என்பாள். தாய் இறந்த பிறகு இரண்டு வருஷம் அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நான் வந்ததும் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் எட்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது இதுதான்: "அடுத்த வருஷம் யுனிவர்சிட்டிக்குப் போகப் போற பிள்ளை. எங்களோட வந்து இருக்கட்டும். எங்கட வீட்டிலயிருந்து போய்வாறது சுகம்."

என்ன சுகம்? ரானுயியில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிஷம் நடந்தால் ரயில் நிலையம். ரயில் நேராக நகரத்துக்குப் போகும். பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து பஸ்தான். இதை வரைபடம் போட்டுக்கூடக் காட்டினேன். அக்கா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. தாயின் திவசத்துக்கு வரும்போது முடிவைச் சொல்லட்டும் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையும் யோசிக்கிறேன் என்றாள்.

அவள் போனால், சித்தி துரத்திவிட்டாள் என்பது கல்லில் எழுதியதாகிவிடும். அதைப் பற்றித்தான் வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் இல்லாத வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு நான் யாரைத் திட்டப்போகிறேன் என்பதும் இருந்தது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

கணவரிடம் சொல்லிப் பயன் இல்லை. தங்கமான மனிதர், ஆனால் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் கோபம் வந்தால் காரைக் கழுவப் போய்விடுவார். முக்கியமான விஷயம் என்றால் வாயால் பேச மாட்டார். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "அவளின்ர விருப்பத்துக்கு விடுவம். நீர் கோவியாதேயும்." சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவதுகூட எனக்குக் கேட்கும்.

இந்த நிலைமையில்தான் ரோமிலிருந்து அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். பிள்ளை படிக்கிறாளே, அவளுக்கு முன்னால் நான் தெரிந்துகொள்கிறேன் என்று நூலகத்துக்குப் போய் மூன்று புத்தகம் எடுத்து வந்தேன். மருந்துக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் பேரரசனுக்கு மூன்றாம் மனைவி. முதல் கணவனிடமிருந்து பிரிந்து இவனைக் கட்டிக்கொண்டபோது வயிற்றில் முதல் கணவனின் குழந்தை. பேரரசனுக்கும் முந்தைய மனைவியிடம் ஒரு மகள். ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். உலகத்தையே ஆண்டவன் வீட்டில் மனைவியும் மகளும் நூற்று நெய்ததைத்தான் உடுத்தினானாம். அந்த அம்மாளுடைய குற்றம் என்ன? பேரரசனுக்குப் பின் பட்டத்துக்கு வர வேண்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், கடைசியில் அவருடைய மகன் பட்டத்துக்கு வந்தான். அவ்வளவுதான். ஒரு பேரன் இன்றைய பிரான்ஸ் இருக்கும் பக்கத்தில் செத்தான், இன்னொருவன் இன்றைய துருக்கியில். இவர் ரோமில் இருந்தார். விஷத்தைக் கூரியரிலா அனுப்பினார்? பேரரசன் எழுபத்தைந்து வயதில் செத்ததற்குக்கூட ஒரு காரணம் வேண்டியிருந்தது. மரத்தில் தொங்கும்போதே அத்திப்பழத்தின் மேல் விஷம் தடவிவிட்டாராம்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது வேறொன்று. பேரரசன் தன் பேத்தி ஒருத்தியைத் தீவுக்கு நாடு கடத்தினான். இருபது வருஷம் அங்கேயே கிடந்தாள். அத்தனை வருஷமும் அவளுக்குக் கைகொடுத்துத் தாங்கியது இந்த அம்மாள். இதை எழுதிய ஒரு வரலாற்றாசிரியர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குடும்பத்தைக் கவிழ்த்ததும் அந்த அம்மாள்தான், பிறகு இரக்கம் காட்டியது ஊர் பார்ப்பதற்காக என்றும் சேர்த்துவிட்டார். அந்த மனிதர் இதெல்லாம் நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை. சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவி" என்றேன். கூட வேலை செய்கிற மாவோரிப் பெண் யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோனாள்.

சிரிப்பு வந்தது ஒரே ஒரு இடத்தில்தான். மனைவியிடம் முக்கியமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் பேரரசன் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் பேசுவானாம். அன்று மாலை கணவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "கெட்டிக்காரன்" என்று போய்விட்டார். சற்று நேரத்தில் என் போனில் சிரிக்கிற முகம் ஒன்று வந்து விழுந்தது.

பிள்ளையோடு நான் சண்டை போட்டேன். அதைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவங்கதான் கொன்னாங்கன்னு எப்படிச் சொல்ற? ஆதாரம் எங்க?"

"எல்லாரும் எழுதியிருக்காங்க, அன்ரி."

"எழுதுனவங்க யாராவது அந்த வீட்டுல இருந்தாங்களா? அடுப்படியில நின்னாங்களா?"

"ஒருத்தர் ரெண்டு பேர் சொன்னா பொய்யா இருக்கலாம். இத்தனை பேர் சொன்னா ஏதாவது இருக்கணும்ல?"

"இத்தனை பேரும் ஒருத்தர் வாயைப் பார்த்து ஒருத்தர் சொன்னது. ஒருத்தி உயிரோட இருந்துட்டா, மத்தவங்க செத்துட்டாங்க. உடனே இவ கொன்னுட்டாளா? வேற வேலை இல்ல?"

வெண்ணெய்க் கத்தியோடு அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால செத்துப்போனவங்க. உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

"தட்டைக் கழுவி வச்சுட்டுப் போ" என்றேன்.

அவள் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். கட்டுரைக்கு அவள் வைத்த தலைப்பு, அவர் ஒரு கொலைகாரியா என்ற கேள்வி. அதற்கு ஆமாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். மேசையில் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திவசம் ஒரு சனிக்கிழமையில் வந்தது. வருஷா வருஷம் அந்தச் சமையலை நான்தான் செய்கிறேன். எங்கள் ஊர்ச் சாம்பாரை முதல் வருஷம் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, தேங்காய்ப்பால் விட்டுப் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு வைக்கப் படித்துக்கொண்டேன். இறந்தவருக்கு உயிராம் அந்தக் குழம்பு. படைப்பதற்கு முன் எதையும் ருசி பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம், அவர்கள் வீட்டிலும் அந்த வழக்கம். இரண்டு குடும்பமும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். உப்பைக் கையால் அளந்து போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட வேண்டும்.

அக்கா ஒன்பது மணிக்கே வடையோடு வந்துவிட்டார். அடுப்பை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "நீர் போய்ச் சீலையை மாத்தும். நான் நிண்டு பாக்கிறன்" என்றார். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் படைத்தோம். கணவர் கற்பூரம் காட்டினார். பிள்ளை கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். அந்த நேரத்தில் நான் எப்போதும் ஒரு அடி பின்னால் நிற்பேன்.

பிறகு சாப்பாடு. பதினைந்து பேர் இருந்தார்கள். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் தண்ணீரைத் தேடினார். அடுத்தவர் குழம்பை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். நான் விரலில் தொட்டு வாயில் வைத்தேன். கடல் தண்ணீர். இரண்டு தரம் போட்டுவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அக்கா இலையைப் பார்த்தபடி சொன்னார்: "அவவுக்குப் பிடிச்ச கறி. வருஷத்தில ஒருநாள்தான் அவவுக்கெண்டு வைக்கிறது. அதையும் வாயில வைக்கேலாமப் பண்ணியாச்சு."

என் போன் அதிர்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் அனுப்பியிருந்தார்: "உப்பு கொஞ்சம் கூட. நீர் ஒண்டும் சொல்லாதேயும்." அந்தப் போனைக் குழம்புக்குள்ளேயே போட்டிருப்பேன்.

அப்போது பிள்ளை பேசினாள், தமிழில். "மாமி, நீங்களும் உப்புப் போட்டனீங்கள். அன்ரி சீலை மாத்தப் போன நேரம். நான் பாத்தனான்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது... அவ எப்பவும் குறைச்சுத்தானே போடுறவ எண்டு கொஞ்சம்தான் போட்டனான்" என்றார். அந்த இடத்தில் எல்லோரும் சிரித்திருக்கலாம். ருசி பார்க்கக் கூடாத சமையலில் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் உப்புப் போட்டார்கள், எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். நான் சிரிக்கத் தயாராகவே இருந்தேன். ஆனால் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "உன்னை ரெண்டு வருஷம் தூக்கி வளத்தனான். இண்டைக்குச் சபையில வச்சு என்னைக் குற்றம் சொல்லுறாய். ஆர் சொல்லித் தந்தது உனக்கு?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, மாமி. நான் கண்ணால கண்டனான்."

"ஓம், ஓம். ஆர் சொல்லித் தந்தது எண்டு எங்களுக்குத் தெரியும்."

பிள்ளை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினேழு வயதுப் பெண் இவ்வளவு திகைத்து நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னாள், அவள் வாயிலிருந்து வந்தவுடனே அது என் வேலையாக மாறிவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குப் பழகிவிட்டது, அவளுக்கு அது முதல் நாள்.

அடுத்த வாரமே கோயிலில் கதை தயாராகிவிட்டது. செத்தவளின் சாப்பாட்டை வேண்டுமென்றே கெடுத்தாளாம், பிள்ளையை மாமிக்கு எதிராகத் தூண்டிவிட்டாளாம். கட்டுரையை அவள் முழுவதும் மாற்றி எழுதினாள். அவர் கொலைகாரியா என்பது தெரியாது, ஆனால் அப்படி ஒரு கதை எப்படி உண்டாகிறது என்று சொல்ல முடியும் என்று எழுதினாள். நன்றாகவே இருந்தது. இன்னும் ஆதாரங்கள் தேவை என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்து, மிக உயர்ந்த தரத்துக்கு ஒரு படி கீழே போட்டிருந்தார். பள்ளிக்குப் போய் ஒரு பிடி பிடித்திருப்பேன், அவள்தான் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது திவசத்தன்று மதியம் மூன்று மணிக்கு நடந்தது. எல்லோரும் போன பிறகு அக்கா கடைசியாகக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். "அப்ப என்ன முடிவு, பிள்ளை? வாறியோ?"

சமையலறையில் கை ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். குழாயை மூடினேன், காதில் விழ வேண்டும் என்றுதான்.

"இல்லை, மாமி. நான் இங்கதான் இருக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில உங்களைப் பாக்க வாறன்."

அக்கா அவளை அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். கார் திரும்பும் சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு வந்தது கோபம். பாவம் பார்த்து அல்லவா தங்குகிறாள்! எட்டு வருஷம் கழித்து எனக்கு அந்தப் பிச்சை வேண்டுமா?

அவள் இலைகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"இதோ பாரு, நீ போனா எம்பேரு கெட்டுடும்னு இங்க இருக்க வேணாம். எம்பேருல கெடுறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. உனக்கு அங்க இருக்கப் பிடிச்சா போ. எனக்காகன்னு எதையும் பண்ணாத. அப்புறம் பத்து வருஷம் கழிச்சு உங்களாலதான்னு எங்கிட்ட வந்து நிக்காத."

அவள் இலைகளைத் தொப்பென்று குப்பைக் கூடையில் போட்டாள்.

"அன்ரி! உங்களுக்காகன்னு யார் சொன்னா? இது என் வீடு. என் வீட்டை விட்டு நான் ஏன் போகணும்? எத்தனை தடவை சொல்றது?"

"ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே" என்றேன்.

அவள் நின்றாள். கணக்குப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் யோசித்தாள். உண்மையிலேயே சொன்னதில்லை என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"சரி, இப்ப சொல்லிட்டேன்ல?" என்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினாள். ஊரில் உள்ள அத்தனை முட்டாள்களும் தன் தலையில்தான் வந்து விடிகிறார்கள் என்பதுபோல நின்றாள்.

முகம் அப்படியே அம்மா என்று அவளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் கை, அந்த நிற்பு, அந்தக் கத்தல், எல்லாம் என்னுடையவை. இதை மட்டும் இந்த ஊரில் யாருமே என் மேல் குற்றமாகச் சொன்னதில்லை.